யோகராணி ஏரிப்பட்டினம் பார்த்த கதை

யோகராணிக்கு ஊர் பார்க்கிற பழக்கம் கிடையாது. ஒஸ்லோவுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகியும் துறைமுகத்துக் கோட்டையை அவள் வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறாள், அதுவும் கனடாவிலிருந்து வந்த விருந்தாளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனபோது. ரொம்சோஸில் நாலாம் மாடி வீடு, மூன்று பஸ் தரிப்பு தள்ளி முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, வெள்ளிக்கிழமை கோயில், சனிக்கிழமை சாமான் வாங்க ஸ்ட்ரோம்மன். இதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. போதாது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். அப்படிப்பட்டவளை 2008ஆம் ஆண்டு மாசி மாதம் நிக்கராகுவாவுக்கு அனுப்பிவைத்தார்கள். அனுப்பிவைத்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும். அவளாக உல்லாசம் போனாள் என்று பிறகு அண்ணன் குடும்பம் இருக்கிற திராமன் நகரத்தில் கதைத்தார்கள், அது பொய்.

மகள் ஜெனிதா அங்கே இருந்தாள். இருபது வயது. அவள் மருத்துவம் படிக்கப் போகிறாள் என்று தகப்பன் ரவீந்திரன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்க, பிள்ளை ஒரு தொண்டு நிறுவனத்துக்கு எழுதிப்போட்டுவிட்டு, கிரனாடா என்ற ஊரில் சிறுவர் வாசிகசாலை ஒன்றில் ஒரு வருடம் வேலை செய்யப் போய்விட்டாள். கிரனாடா ஸ்பானியர் ஆண்ட காலத்தில் கட்டிய பட்டினம். அக்கரை தெரியாத பெரிய ஏரி, ஏரிக்குள் நூற்றுக்கணக்கான குட்டித் தீவுகள், பக்கத்திலேயே ஒரு எரிமலை. அம்மா ஒருமுறை வந்து பார்த்தே ஆகவேண்டும் என்று மகள் நின்றாள். கார்த்திகை மாதமே ரிக்கெற் பதிவாகிவிட்டது, பதினாறு நாளுக்கு. முதியோர் இல்லத்தில் லீவு கேட்கப் போனபோது பொறுப்பாளருக்கே ஆச்சரியம். இவ்வளவு நாளும் சேர்த்துவைத்த லீவையெல்லாம் எங்கே ஒளித்துவைத்திருந்தாய் என்று பகிடி பண்ணினாளாம்.

பயணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, கூட வேலை செய்யும் சிறிதேவி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னாள். யோகராணியின் அண்ணன் இரத்தினவேலைத் திராமன் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம். இதயமாம், இது இரண்டாம் தரமாம். சொல்லிவிட்டு, தெரிந்திருக்கும்தானே என்று முகத்தைப் பார்த்தாள். யோகராணிக்குத் தெரியாது. அண்ணனோடு அவள் கதைத்து ஆறு வருடம்.

இந்த அண்ணன் யார் என்று சொல்லவேண்டும். எண்பத்து நாலில் படிப்பு என்ற பெயரில் நோர்வேக்கு வந்து, வடகோடியில் மீன் தொழிற்சாலையில் வெள்ளை மேலங்கியும் றப்பர் சப்பாத்துமாக நின்று மீன் வெட்டி, தங்கச்சியையும் அங்கே கூப்பிட்டு எடுப்பித்தவர். மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். ரவீந்திரன் அவருடைய அறைத்தோழன். இரண்டு பேருக்கும் நல்ல குளிர்ஜாக்கெட் ஒன்றுதான் இருந்ததாம். பகல் வேலைக்கு ஒருவர் போட்டுக்கொண்டு போய் வந்து கழற்றிக் கொடுக்க, இரவு வேலைக்கு மற்றவர் போட்டுக்கொண்டு போவாராம். ஒரே ஜாக்கெட்டைப் போட்டவனைவிட நல்லவனை எங்கே தேடுவது என்று கேட்டுத்தான் அண்ணன் அவளைக் கட்டிக்கொடுத்தார்.

அவ்வளவு ஒட்டாக இருந்தவர்கள் பிரிந்தது ஒரு தபால்தலையால். இரத்தினவேல் பின்பு திராமனுக்கு வந்து பஸ் ஓட்டினார். 2002இல் மகள் ஆரபி பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. முந்நூறு பேருக்கு அழைப்பு. லீவு கிடைக்காத மனிதர், எல்லா அட்டைகளையும் முத்திரை ஒட்டித் தபாலில் போட்டார், தங்கச்சி வீட்டுக்குப் போனது உட்பட. ரவீந்திரன் அந்த உறையை மேசையில் வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். புருசன் பெண்சாதியாக வந்து கையில் தந்து கூப்பிடவேண்டிய அழைப்பைத் தபால்காரனிடம் கொடுத்துவிட்டானா? போகக்கூடாது என்றார். அந்தச் சடங்கில் தகப்பனின் சகோதரிதான் முன்னுக்கு நிற்கவேண்டிய மாமி. யோகராணி நிற்கவேண்டிய இடத்தில் தூரத்து உறவில் யாரோ ஒரு பெண் நின்று ஆலத்தி எடுத்தாள். அதன்பிறகு அண்ணனும் வீம்புக்கு அழைக்கவில்லை, அண்ணன் மனைவி கமலேஸ்வரியும் தேடவில்லை. ரொம்சோஸுக்கும் திராமனுக்கும் நடுவில் நிலக்கீழ் ரயிலும் மேல் ரயிலும் சேர்த்தால் ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தை ஆறு வருடம் யாரும் கடக்கவில்லை.

சிறிதேவி சொன்ன அன்று பின்னேரம் யோகராணி வீட்டுக்கு வந்ததும், இன்றைக்கே திராமனுக்குப் போகவேண்டும் என்றாள். ரவீந்திரன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு அதிசயமாக இருந்தது. இரண்டாம் தரம் என்றால் மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள், ஆஸ்பத்திரியில் வைத்துப் பழசைக் கிளறி அவரைக் குழப்பக்கூடாது, நீ மகளிடம் போயிட்டு வா, வந்த அடுத்த கிழமையே இரண்டு பேருமாகப் போவோம் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். இரண்டு பேருமாக என்ற சொல்லில் அவள் மயங்கிவிட்டாள். ஆறு வருடத்தில் அவர் அப்படி ஒரு சொல்லைச் சொன்னது இல்லை. நிக்கராகுவாவைப் பற்றி அவளுக்கு இருந்த ஒரே அவசரம், அதைச் சீக்கிரம் பார்த்துமுடித்துவிட்டுத் திராமனுக்குப் போகவேண்டும் என்பதுதான்.

சனிக்கிழமை இரவு போய் இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை மகள் பட்டினத்தைக் காட்டத் தொடங்கினாள். நடுவில் சதுரமான பூங்கா, அதைச் சுற்றி மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக ஓடு போட்ட வீடுகள், வெள்ளையும் மஞ்சளுமாகப் பெரிய தேவாலயம், நிழலில் வரிசையாகக் குதிரை வண்டிகள். குதிரைகளின் விலா எலும்பை எண்ணலாம். பூங்காவின் மூலைக்கடையில் அவித்த மரவள்ளிக்கிழங்கை வாழையிலையில் போட்டு, மேலே பொரித்த பன்றித்தோலும் முட்டைக்கோவாச் சம்பலும் போட்டுத் தந்தார்கள். மரவள்ளிக்கிழங்கு தின்ன இருபது மணித்தியாலம் பிளேனில் வரவேண்டியிருந்ததா என்று யோகராணி கேட்க, ஜெனிதா விழுந்து விழுந்து சிரித்தாள். தாயும் மகளும் அப்படிச் சிரித்துக் கனகாலம். ஒஸ்லோவில் அவர்களுக்கு நேரம் சரிவருவதில்லை.

அன்று பின்னேரம் பழைய மணிக்கூண்டு உள்ள இன்னொரு கோயிலுக்குப் போனார்கள். யோகராணி சைவக்காரிதான், ஆனாலும் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்து வளர்ந்தவள். உள்ளே ஒரு மாதா சொரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, அண்ணைக்கு ஒன்றும் ஆகக்கூடாது, நான் போய்ப் பார்க்கும்வரையாவது ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். அந்த இரண்டாவது பாதியை அவள் பின்னாளில் பல தடவை நினைத்து நொந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை ஏரிக்கரைக் கடையில் முழுமீன் பொரித்துத் தந்தார்கள். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, ஒன்றும் மிச்சம் விடாமல் தின்றாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ரவீந்திரன் மகளுடைய ரெலிபோனுக்கு எடுத்தார். ஒஸ்லோவில் அப்போது பிற்பகல் மூன்று. இரத்தினவேல் அன்று காலை பத்து மணிக்குத் திராமன் ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார். இதை யோகராணி அறிந்தது ஒன்பது நாள் கழித்து. நாம் இப்போதே அறிந்துகொள்வதில் தவறில்லை, அவளைத் தவிர எல்லோருக்கும்தான் தெரிந்திருந்ததே. பயணத்தில் நிற்கிற ஆளுக்குச் சாவுச்செய்தி சொல்லுவதில்லை என்பது எங்கள் ஆட்களிடம் ஊறிப்போன வழக்கம். அன்னிய இடத்தில் தனியே கிடந்து அழுவார்களே என்ற இரக்கத்தில் வந்த வழக்கம், ரிக்கெற் மாற்ற முடியாத, கப்பலில் போன காலத்து இரக்கம். ஜெனிதா முதலில் மறுத்தாள். அது அம்மாவின் சகோதரம், அவவுக்குச் சொல்லத்தான் வேண்டும் என்று நோர்வேஜிய மொழியில் வாதாடினாள். தகப்பன் தமிழில் பதில் சொன்னார்.

"பிள்ளை, அவளுக்குப் பிறஷர் இருக்கு. இடையிலை என்னவும் நடந்தா நீ தாங்குவியோ? வந்தாப்பிறகு நான் சொல்லுறன். நீ மூண்டு விசயம் செய். இப்பவே தலை முழுகப் பண்ணு. மீன் இறைச்சி எண்டு மச்சம் ஒண்டும் குடுக்காதை. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகாதை."

ரவீந்திரனைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் வேலை லேசாக முடிந்துவிடும். அவர் கெட்டவர் இல்லை. மனைவி அறியாமலேயே அவளைச் சாவுத்தீட்டான துடக்கைக் காக்கவைத்துவிட்டால் சாமிக்குற்றம் வராது என்று நினைக்கிற அளவுக்குப் பொறுப்பானவர். ஆனால் நோர்வேயில் செத்தவீடு அடுத்தநாள் நடப்பதில்லை. கடதாசி வேலை, மண்டபம், முறை என்று எட்டு ஒன்பது நாள் எடுக்கும். கமலேஸ்வரி அடுத்த வியாழக்கிழமை என்று நாள் குறித்திருந்தாள். அன்றைக்கே சொல்லியிருந்தால் யோகராணி வந்திருக்கலாம், ஒரு நாள் முந்திக்கூட வந்திருக்கலாம். அந்தக் கணக்கு, நேரசூசி தவறாமல் நிலக்கீழ் ரயில் ஓட்டுகிற ஒரு மனிதருக்குத் தெரியாமல் போகாது.

அன்று காலை பத்து மணிக்கு, வெயில் கொளுத்துது, தலைக்கும் தண்ணி வாருங்கோ அம்மா என்று மகள் சொன்னபோது யோகராணிக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளை தாய்க்குப் புத்தி சொல்லுகிற வயதுக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு முழுகினாள்.

வியாழக்கிழமை வள்ளத்தில் ஏறித் தீவுகளைப் பார்க்கப் போனார்கள். ஜெனிதாவோடு ஒரே வீட்டில் இருந்த நோர்வேஜியப் பிள்ளை ஒருத்தியும் கூட வந்தாள். எரிமலை முன்னொரு காலம் வெடித்தபோது ஏரிக்குள் எறிந்த பாறைகள்தான் அந்தத் தீவுகள் என்று வள்ளக்காரன் சொன்னதை மகள் மொழிபெயர்த்தாள். ஒரு தீவில் பணக்காரர் வீடு, ஒரு தீவில் மீன்வலை காயப்போட்ட குடிசை, ஒரு தீவில் குரங்குகள் மட்டும். வள்ளம் கிட்டப் போனதும் குரங்கு ஒன்று கொப்பிலிருந்து கையை நீட்டி யோகராணியின் கையிலிருந்த பிஸ்கற் பைக்கற்றைப் பறித்துக்கொண்டது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த நோர்வேஜியப் பிள்ளை அதைப் படமெடுத்து, அன்று இரவே ஜெனிதாவின் பெயரோடு பேஸ்புக்கில் போட்டுவிட்டாள். விடிந்ததும் திராமனில், தகப்பனைப் பறிகொடுத்த மூன்றாம் நாள், ஆரபி அதைக் கண்டாள். மச்சாள் ஜெனிதாவின் பக்கத்தில் மாமி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆரபி அதைக் கொண்டுபோய்த் தாயிடம் காட்டினாள். வீட்டுக்கு வந்தவர்களும் பார்த்தார்கள்.

சனிக்கிழமை மசாயா சந்தை. ஊஞ்சல் படுக்கையும் மரச்சாமானும் சட்டையும் சேலைக்குப் போடக்கூடிய பூவேலையுமாக ஒரு பெரிய கட்டடம் முழுக்கக் கடைகள். அங்கே ஆண்கள் போடுகிற வெள்ளைப் பருத்திச் சட்டை ஒன்றை யோகராணி எடுத்தாள். முன்னால் மடிப்புத் தையல், நாலு பை. அளவு தெரியாமல், கடைக்காரனை எழும்பச் சொல்லி அவனுடைய முதுகில் வைத்துப் பார்த்தாள். அண்ணைக்குத் தோள் அகலம், ஆனால் வருத்தத்தில் மெலிந்திருப்பார், இது காணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பினால் மகளைக் காணவில்லை. ஜெனிதா கடைக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு, தின்றதெல்லாம் வரச் சத்தியெடுத்துக்கொண்டிருந்தாள். வெயில் என்றாள். யோகராணி சட்டையை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு, மகளுக்கு இளநீர் தேடிக்கொண்டு ஓடினாள்.

அந்தக் கிழமை முழுவதும் மீன் இல்லை. ஏரிமீன் கூடாது, வயிற்றைக் குழப்பும் என்றாள் மகள். கோழி? அதுவும் இங்கே சரியில்லை. பயறும் சோறும் வாழைக்காய்ப் பொரியலுமாகப் போனது. ஞாயிறு அன்று கணவரோடு ரெலிபோனில் கதைத்தபோது, அண்ணை எப்படி என்று கேட்டாள்.

"அப்பிடியேதான் இருக்கிறார், ராணி. மாற்றம் ஒண்டுமில்லை."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பதை நினைக்கும்போதுதான் பின்னாளில் அவளுக்கு ஆத்திரம் தாங்க முடியாமல் வரும். மாற்றமில்லை என்றால் நல்லதுதானே என்று அன்று அவள் நிம்மதியாக நித்திரை கொண்டாள். திங்கட்கிழமை மொம்பாச்சோ எரிமலைக்குப் போனார்கள். மேலே ஒரே முகில், மரமெல்லாம் பாசி, நோர்வேயின் ஐப்பசி மாதக் குளிர். வியாழக்கிழமை அப்போயோ என்ற இன்னொரு ஏரி, எரிமலையின் வாய்க்குள் தேங்கிய நீலத் தண்ணீர். போவதற்கு விடிய ஆறு மணிக்கே எழும்பினார்கள். எந்தச் செருப்பைப் போடுவது என்று அவள் இரண்டு சோடியை வைத்துக்கொண்டு யோசித்த அந்த நேரம், திராமனில் பகல் ஒரு மணி. மண்டபத்தில் பெட்டியை மூடினார்கள்.

வெள்ளிக்கிழமை, நேரம் மிச்சமிருந்ததால், யோகராணிதான் மணிக்கூண்டுக் கோயிலுக்கு இன்னொரு தடவை போகவேண்டும் என்றாள். நேர்த்தி வைத்த இடத்தில் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பது அவள் எண்ணம். ஜெனிதா மழுப்பினாள். ஐஸ்கிறீம் குடிக்கலாம் என்றாள், வண்டியில் ஏறலாம் என்றாள். தாய் கேளாமல் நடந்து படியில் கால் வைத்ததும், பிள்ளை ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டாள்.

"அம்மா, நீங்கள் கோயிலுக்குள்ளை போக ஏலாது."

யோகராணி ஒரு காலைப் படியிலும் ஒரு காலை நிலத்திலும் வைத்தபடி நின்றாள். ஒரு பெண்ணைப் பார்த்து இப்படிச் சொல்ல இரண்டு காரணம்தான் உண்டு. முதலாவது காரணம் அவளுக்குப் போன வருடத்தோடு நின்றுபோய்விட்டது. தலை முழுகியது, மீன் இல்லாதது, மகள் சத்தியெடுத்தது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து நின்றன. மாதா இருக்கிற வேதக்கோயிலுக்கு ஏது துடக்கு? இங்கே பெட்டியையே உள்ளே கொண்டுவந்து வைத்துத்தானே பூசை செய்வார்கள். இது தெரியாமல், தகப்பன் கோயில் என்றதை அரசாங்கக் கந்தோரில் தந்த படிவம் போல வரிக்கு வரி நிரப்பியிருக்கிறது பிள்ளை. நோர்வேயில் பிறந்த பிள்ளைதான் இப்படிப் பிழைவிட முடியும்.

"ஆர் செத்தது?"

ஜெனிதா பிடித்த கையை விட்டாள்.

"பிள்ளை, ஆர் செத்தது எண்டு கேட்கிறன்."

"மாமா."

எப்போது என்று கேட்டாள். போன கிழமை புதன் என்றாள் மகள். செத்தவீடு என்ற சொல் வாயில் வராமல், நேற்று முடிந்துவிட்டது என்பதை நோர்வேஜிய மொழியில் சொன்னாள். யோகராணி படியிலிருந்து காலை எடுத்துவிட்டு, கோயில் மதிலோடு இருந்த கல்லில் உட்கார்ந்தாள். அழவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டாள். எரித்ததா, தாட்டதா என்று கேட்டாள். அப்பா போனவரோ என்று கேட்டாள். போனவர் என்றதும், சரி என்று தலையாட்டினாள்.

ஜெனிதா பக்கத்தில் நின்று விக்கி விக்கி அழுதாள். யோகராணிக்கு அந்த அழுகையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பெற்ற பிள்ளையை அந்த நிமிடம் அவள் வெறுத்தாள், அதைப் பிறகும் மறைத்ததில்லை. எட்டு வயதில், தேருக்குப் போவதற்காகப் பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று தாய் சொன்ன ஒரு சின்னப் பொய்க்கு மூன்று நாள் முகம் கொடுக்காத பிள்ளை இது. பொய் சொல்லுவது பிழை, எங்களுக்கு ரீச்சர் சொன்னவ என்று தாயைக் குற்றவாளிக்கூண்டில் ஏற்றிய பிள்ளை. அது ஒன்பது நாள் பக்கத்தில் படுத்து, பக்கத்தில் தின்று, வள்ளத்தில் ஏற்றிக் குரங்கு காட்டியிருக்கிறது.

"நான் சொல்லத்தான் இருந்தனான், அம்மா. ஒவ்வொரு நாளும் நாளைக்கு எண்டு நினைச்சனான். பிறகு நாள் போச்சுது. பிறகு சொன்னா, ஏன் முதலே சொல்லேல்லை எண்டு கேட்பியள்."

ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று நினைத்து, பிறகு நாள் போய், பிறகு போனால் ஏன் முதலே வரவில்லை என்று கேட்பார்களே என்று பயந்து, ஆறு வருடம் திராமன் பக்கம் போகாமல் இருந்தது யார் என்று யோகராணிக்குத் தெரியும்.

ரிக்கெற் மாற்றக் கேட்டுப் பார்த்தார்கள். ஞாயிறுக்கு முன் இடமில்லை, ஞாயிறுதான் எப்படியும் அவள் போகிற நாள். இரண்டு நாளும் அறைக்கு வெளியே ஆடுகதிரையில் இருந்தாள். மகள் கொண்டுவந்து வைத்த பயற்றஞ்சோற்றைத் தின்றாள். இப்போது தெரிந்தே தின்றாள்.

திங்கட்கிழமை பின்னேரம் விமானநிலையத்தில் ரவீந்திரன் அவளுடைய குளிர்ஜாக்கெட்டோடு நின்றார். முகத்தைப் பார்த்ததுமே, மகள் சொல்லிவிட்டாள் என்று விளங்கிக்கொண்டார். கார் ஓடத் தொடங்கியதும் அவராகவே எல்லாம் சொன்னார். கறுத்தக் கோட்டுப் போட்டுக்கொண்டு புதன்கிழமை இரவே திராமனுக்குப் போனது, சாமான் ஏற்றி இறக்கியது, மண்டபத்தில் முன்வரிசையில் நின்றது, பெட்டி தூக்கினது, கமலேஸ்வரி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இரண்டு பேரும் ஒரு ஜாக்கெட் போட்ட ஆட்கள் என்று அழுதது. சொல்லும்போது அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகாமல் இருக்கக்கூடாது, பகையெல்லாம் அந்த வாசலோடு முடிந்துவிட்டது என்றார்.

"என்னைக் கேட்டவையோ?" என்றாள் யோகராணி.

கேட்டார்கள் என்றார். பயணத்தில் என்று சொன்னேன் என்றார். அதற்குமேல் வீதியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு வரமுடியாது என்று அறிவித்துவிட்டு அவள் தனியே ரயில் ஏறினாள். கணவர் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். திராமனில் ஆற்றங்கரையெல்லாம் ஊத்தை உறைபனி. ஆறு வருடத்துக்கு முன்பு வந்த வழி மறந்து, இரண்டு பேரிடம் கேட்டுத்தான் வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவைத் திறந்த ஆரபிக்கு இப்போது பதினெட்டு வயது. மாமி என்று கூப்பிடாமல் விலகி நின்று வழி விட்டாள்.

உள்ளே ஆறேழு பெண்கள் இருந்தார்கள். அடுத்த வீட்டு மேரியம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். யோகராணி அண்ணன் மனைவியைக் கட்டிப்பிடித்து அழத்தான் போனாள். கமலேஸ்வரி கையை மடிக்குள் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"எட்டு நாள் வைச்சிருந்தனான், மச்சாள். பெட்டியை மூடாமல் எட்டு நாள். அண்டைக்கே உங்கடை மனிசன் வந்து சொல்லிப்போட்டார், உங்களுக்குச் சொல்லியாச்சாம், ரிக்கெற் மாத்த உங்களுக்கு விருப்பமில்லையாம். நான் நம்பேல்லை. பிறகு படத்தைப் பாத்தனான்."

பயணத்தில் என்று சொன்னவர் இதைத்தான் சொல்லியிருக்கிறார். ஏன் அவளுக்குச் சொல்லவில்லை என்று திராமன் அவரைக் கேட்டுவிடும் என்ற பயம், அவ்வளவுதான். சண்டையைத் தொடங்கியது அவர். அவர் கறுத்தக் கோட்டுப் போட்டு வந்து, பெட்டி தூக்கி, சண்டையை இந்த வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். அது இப்போது யோகராணியின் தலையில்.

உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் காணும். எனக்குச் சொல்லவில்லை, ஒளித்தார்கள் என்றால், யார் ஒளித்தது என்று கேட்பார்கள். கூட நின்றது யார், வள்ளத்தில் ஏற்றியது யார், படத்தில் பக்கத்தில் நிற்பது யார்? மாமன் செத்ததை மறைத்துத் தாய்க்கு விளையாட்டுக் காட்டிய பிள்ளை என்ற பெயர், இந்த ஆறேழு வாயாலும் பொழுதுபடுவதற்குள் ரொம்சோஸுக்குப் போய்ச் சேரும். இருபது வயதுப் பிள்ளை. தகப்பன் சொன்னதைக் கேட்டது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. மறைத்தது ஒன்பது நாள்தான். மிச்ச ஆறு வருடமும் அவளுக்கு யாரும் எதையும் மறைக்கவில்லை.

"ஓம் மச்சாள்," என்றாள் யோகராணி. "சொன்னவை. நான்தான் வரேல்லை."

மேரியம்மா கோப்பைகளோடு குசினிக்குள் போனாள், தேத்தண்ணி கொண்டுவரவில்லை. யோகராணி இன்னும் பத்து நிமிடம் அந்தக் கதிரையில் இருந்தாள். பிறகு எழும்பினாள். செத்தவீட்டிலிருந்து போகும்போது போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது, அவள் சொல்லவில்லை. இருங்கோ என்று யாரும் மறிக்கவும் இல்லை. சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து கட்டிக்கொண்டிருக்கும்போதே ஆரபி வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.